புளிக்கு எதற்கு 25 லட்சம்?

கேள்வி: எனக்கு வயது 32. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். படித்துவிட்டு, திருமணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மூன்று வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். பி.எஃப். பிடித்தார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள். கணவர் பெங்களூரில் டிரைவர், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர் தை கடைசியிலிருந்து சித்திரை வரை, வியாபாரி கொண்டுவந்து இறக்கும் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்குகிறோம். போன மாதம் ஒருவர் வந்தார். பிரதமர் திட்டத்தில் 25 லட்சத்துக்குப் புளி பேஸ்ட் யூனிட் போடலாம், 35 சதவீதம் மானியம், 8,75,000 ரூபாய் திருப்பிக் கட்டவே வேண்டாம், ஃபைல் செலவுக்கு மட்டும் 60,000 கொடுங்கள் என்கிறார். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிப் போயிருக்கிறார். மாமனார் தயங்குகிறார், எனக்கோ ஆசையாக இருக்கிறது. வேலைவாய்ப்புக்கென்று அரசு இத்தனை திட்டம் போடுகிறதே, இதில் எனக்கானது எது? இல்லை, மறுபடி ஓசூர் கம்பெனிக்கே போய்விடட்டுமா?
வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 60,000. அதைக் கொடுக்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்துக்கு நீங்களே நேரில் போய்க் கேட்கலாம். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. நடுவில் நிற்கும் எவராலும் அதை உறுதியாக வாங்கித் தர முடியாது. கிராமக் கிளைகளில் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். இப்படி வீடு தேடி வருகிறவர்களில் பலர் இயந்திரம் விற்பவரிடமும் கமிஷன் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். 5 லட்சத்தில் முடிகிற தொழிலுக்கு 25 லட்சம் கொட்டேஷன் எப்படி வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அவர் சொன்ன மானியக் கணக்கு தப்பில்லை. கிராமத்தில் ஒரு பெண் புதிதாகத் தொழில் தொடங்கினால் இந்தத் திட்டத்தில் 35 சதவீதம் உண்டு. உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம், உங்கள் கைப்பணம் 5 சதவீதம் போதும். அவர் சொல்லாமல் விட்டது மீதிக் கணக்கை. 25 லட்சத்தில் உங்கள் பங்கு 1,25,000. வங்கி கொடுப்பது 23,75,000. மானியமான 8,75,000 உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தொழில் ஒழுங்காக நடக்கிறது என்று நேரில் வந்து பார்த்த பிறகுதான் அதைக் கடனில் கழிப்பார்கள். நடுவில் தொழில் நின்றால் மானியம் கைவிட்டுப் போகும், கடன் மட்டும் நிற்கும்.

மானியம் ஒழுங்காகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 15 லட்சம் நீங்கள் வட்டியோடு கட்ட வேண்டியது. 11 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்று போட்டால் மாதம் சுமார் 32,600 ரூபாய். பங்குனியிலும் 32,600, புளியே கண்ணில் படாத புரட்டாசியிலும் 32,600. இவ்வளவு பெரிய கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கவும் கூடும். உங்கள் மாமனார் தயங்குவது நிலப் பத்திரத்தை நினைத்து என்றால், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இதை எழுதும்போது ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. 2017-ல் காரிமங்கலம் பக்கம் ஒரு தம்பிக்கு பேப்பர் கப் செய்யும் இயந்திரத்துக்குக் கடன் கொடுத்தோம். ஃபைலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். யாருக்கு விற்பீர்கள் என்று கேட்டேன். "ரோட்டு மேல எத்தனை டீக்கடை இருக்குது சார்" என்றார். அந்தக் கடைகளில் ஒன்றிலாவது போய்ப் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மானியம் உண்டு என்று யாரோ சொன்னதால் பிடித்த தொழில் அது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. தடை தேவையானதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரசின் ஒரு கை கடன் கொடுத்துத் தொடங்கிவைத்த தொழிலை இன்னொரு கை நிறுத்தியது, நடுவில் மாட்டிக்கொண்டது அந்தக் குடும்பம். தவணை பாக்கிக்காகப் போனபோது இயந்திரம் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து மூடியிருந்தார்கள். மோட்டாரைக் கழற்றி விற்றாயிற்று. பையன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்த் தவணையை அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சொம்பைக் கையில் வாங்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அரசு இத்தனை திட்டம் போடுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். வேலையை ஊருக்குக் கொண்டுவர நம் அரசுகள் போட்ட பாதைகளில் இரண்டு நம் மண்ணிலேயே இருக்கின்றன, அவற்றைப் பார்த்தாலே உங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும்.

ஒன்று ஆலைகளைக் கூப்பிடுவது. 1971-ல் தொழிற்பேட்டைகள் அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கியபோது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஒரு சின்ன ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ல்தான். பின்தங்கிய பகுதியில் ஆலை வைப்பவருக்கு நிலம், மின்சாரம், முதலீட்டு மானியம் என்று அரசு இறங்கி வந்து கொடுத்தது. டிவிஎஸ் மோட்டார் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது. அரசு நிறுவனமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்க, கைக்கடிகார ஆலை ஓசூரில் எழுந்தது. அந்தக் கொள்கை பலித்தது என்றுதான் சொல்வேன். வானம் பார்த்த பூமியில் கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாதச் சம்பளம் வாங்கினார்கள். இன்று அது சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி வரை பரவியிருக்கிறது. ஆனால் பெங்களூரும் நெடுஞ்சாலையும் இருக்கும் பக்கமாகவே பரவியது. பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் அது பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸாகத்தான் வந்து சேர்ந்தது. விடியுமுன்னே டிபன் பாக்ஸோடு ரோட்டோரம் நின்றிருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பாதை குழு. 1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் அமைத்தது தர்மபுரி மாவட்டத்தில். இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் குழு இருக்கிறது. விதை விழுந்த இடம் நம் மாவட்டம். எனக்கு அதில் நிஜமாகவே பெருமை உண்டு. நீங்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுகிறீர்களே, அது இந்தப் பாதையில் வந்தது. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆலையோ சின்ன யூனிட்டோ, நம் நாட்டில் மானியம் பெரும்பாலும் இயந்திரத்தையும் கட்டடத்தையும் பார்த்தே கொடுக்கப்படுகிறது. அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். இயந்திரத்துக்கு பில் உண்டு, நேரில் வந்து போட்டோ எடுக்கலாம், கடன் திரும்பாவிட்டால் ஏலம் விடலாம். புளிச் சாக்கு இரவோடு இரவாக மண்டிக்குப் போய்விடும். ஆனால் உழைக்கும் கைகள் நிறைய இருந்து, முதல் குறைவாக இருக்கும் நாட்டில், போட்ட பணத்துக்கு எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது என்பதுதானே முதலில் கேட்க வேண்டிய கேள்வி? அந்த ஏஜென்ட்டிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள்: 25 லட்சம் பேஸ்ட் யூனிட்டில் என் குழுவில் எத்தனை பேருக்கு இடம்?

சரி, புளிக்கு வருவோம். ஓட்டோடு இருக்கும் நூறு கிலோ புளியில் ஏறக்குறைய 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் பார்க்காமலே, சாக்கைத் தூக்கிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு பெரியம்மா உங்கள் குழுவில் நிச்சயம் இருப்பார். எந்த மரத்துப் புளியில் நார் அதிகம், எது தட்டினால் கொட்டை ஒட்டாமல் கழன்று வரும், ஈரம் காயாமல் கட்டினால் எப்படிப் பூசணம் பிடிக்கும், இதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வியாபாரி என்ன செய்கிறார்? மரத்தைக் குத்தகைக்குப் பேசுகிறார், உலுக்கிய புளியை உங்களிடம் இறக்குகிறார், தட்டிய புளியைத் தோசைப்புளியாக அடித்து குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார். வெளியில் வைத்த புளி கறுத்துப்போகும் மழைக்காலத்தில், நிறம் மாறாத புளியை எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார். கொட்டையும் அவருக்கே. ஆலையில் அதை மாவாக அரைத்துத் துணிக்குக் கஞ்சி போடும் பசைக்குப் பயன்படுத்துகிறார்கள், அதற்குத் தனி விலை உண்டு.

அவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இயந்திரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் பணத்தைச் சரக்கில் முடக்கிவைக்க அவரால் முடிகிறது, உங்களால் முடிவதில்லை. உங்களுக்கு வேண்டியது சரக்கு வாங்கப் பணம்.

அதற்கு இரண்டு வழி சொல்கிறேன். 2020-ல் வந்த பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலும் இயந்திரத்துக்கு 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம் உண்டு. அதைவிட உங்களுக்குப் பொருத்தமான ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே உணவுப் பொருள் பதப்படுத்தும் வேலையில் இருக்கும் சுய உதவிக் குழு உறுப்பினருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப முதல். கொள்முதலுக்கும் சின்னக் கருவிகளுக்கும்தான் அது. பணம் மகளிர் திட்டம் வழியாகக் குழுக்களின் கூட்டமைப்புக்கு வந்து உறுப்பினருக்குக் கடனாகப் போகும், நீங்கள் கட்டுவது வெளியே போகாமல் உங்கள் அமைப்பிலேயே சுழலும். பத்துப் பேருக்கு 4 லட்சம். புளி கிலோ 100 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால் நான்கு டன் சரக்கு. ஆரம்பிக்க அது தாராளம். உங்கள் வட்டாரத்து மகளிர் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் தீர்மான நோட்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போய் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்தது குழுக் கடன். ஒழுங்காகக் கூட்டம் போட்டுக் கணக்கு எழுதும் குழுவுக்கு வங்கிகள் 20 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அவ்வளவு வாங்கச் சொல்லவில்லை. வாங்கும்போது மேலாளரிடம் ஒன்றை மட்டும் பேசுங்கள்: எங்கள் தொழிலில் பணம் வருவது இந்த இந்த மாதங்களில், தவணையை அதற்கேற்ப வையுங்கள் என்று. பயிர்க் கடனுக்கு அறுவடை பார்த்துத் தவணை வைக்கும் வங்கிக்கு இது புதிதல்ல. கேட்காதவருக்கு மாதத் தவணைதான் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

முதல் வருடம் வியாபாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய கூலி வேலையும் ஓடட்டும். கூடவே ஒரு டன், இரண்டு டன் மட்டும் குழுவின் பணத்தில் வாங்கித் தட்டுங்கள். பாதியைச் சித்திரையில் விற்றுக் கையில் காசு பாருங்கள், பாதியைக் கிடங்கு வாடகை கொடுத்து ஐப்பசி வரை வையுங்கள். முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள், முதலில் வாங்க வேண்டிய இயந்திரம் அதுதான். நீங்கள் பி.காம். படித்தவர். வாங்கிய எடை, தட்டிய பிறகு நின்ற எடை, கொட்டை எடை, கூலி, வண்டி வாடகை, கிடங்கு வாடகை என்று ஒரு நோட்டு போட்டால், கிலோவுக்கு அடக்க விலை என்ன என்று உங்கள் ஊரில் எந்த வியாபாரியைவிடவும் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம்.

இரண்டு பருவம் இப்படி ஓட்டிய பிறகு, வாங்குகிறவர் அரைக் கிலோ பாக்கெட்டில் கேட்கிறார், கையால் முடியவில்லை என்று வந்தால், அப்போது பாக்கெட் இயந்திரத்துக்கு மானியம் தேடலாம். ஒரு நுணுக்கம் சொல்கிறேன். அந்த ஏஜென்ட் சொன்ன திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். உணவு பதப்படுத்தும் திட்டமோ நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கும் பொருந்தும், சதவீதமும் அதே 35. அதனால் இப்போதே பிடிக்காவிட்டால் போய்விடும் என்று அவர் அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். திட்டங்களின் வரம்பும் காலமும் நிதியாண்டுக்கு நிதியாண்டு மாறும், விண்ணப்பிக்கும் நாளில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூருக்குப் போவதைப் பற்றி. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரை விட்டுவிட்டு, கணவரும் வெளியூரில் இருக்கும்போது, ஷிப்ட் வேலைக்குப் போவது கஷ்டம். ஆனாலும் முடியவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். மாமியார் துணை இருந்து, கம்பெனி நேரடியாக எடுத்துக்கொண்டால் யோசிக்கலாம். மறுபடி கான்ட்ராக்ட் என்றால் வேண்டாம் என்பது என் எண்ணம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு மத்திய அரசு ஒரு ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறது, முதல்முறை பி.எஃப்.-ல் சேருபவருக்கு 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாக. ஆலை முதலாளிக்கும் புதிய ஆள் ஒருவருக்கு மாதம் 3,000 வரை உண்டு. இயந்திரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் மானியம் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், அதனால் அந்த 15,000 உங்களுக்கு வராது. யாராவது அதைக் காட்டி ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். அதே சமயம் பழைய பி.எஃப். பணம் அங்கேயே கிடக்கிறதா என்று பாருங்கள். திருமணமாகி வந்த பெண்கள் பலர் அதை மறந்தே விடுகிறார்கள். தராசும் முதல் சாக்குகளும் அதிலேயே வந்துவிடலாம்.

நூறு நாள் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கூலியில் அதற்குப் பங்கு உண்டு. 2005-ல் சட்டமாகி, 2008 ஏப்ரலில் நம் மாவட்டத்துக்கு வந்தது அது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஏரி வேலை நடக்கும் வாரத்தில் புளி தட்ட ஆள் இல்லாமல் வியாபாரி கிலோவுக்குக் கூட்டிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேறு வேலை இருக்கிறது என்றால்தான் கூலி பேச வாய் வரும். அதனால் குழுவின் தொழில் காலூன்றும் வரை யாரும் அந்த வேலை அட்டையை விட்டுவிட வேண்டாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டதாரிக்குத் தரும் 600 ரூபாய் உதவித்தொகையை நம்பி இருக்க முடியாது. பதிவை மட்டும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்திலேயே ஒரு நாள் தர்மபுரிக்குப் போய் வாருங்கள். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஒரு பெண் வேலை தேடி நாலு இடம் போய்க் கேட்டு வரச் செலவு இல்லாமல் ஆக்கியதால், அதையும் நல்ல வேலைவாய்ப்புத் திட்டம் என்றே நான் சொல்வேன். மாவட்டத் தொழில் மையத்தில் உங்கள் ஆதார் எண்ணைச் சொல்லி, உங்கள் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நகல் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான், கணவன் மனைவி இரண்டு பேரும் வாங்க முடியாது. பதிவாகியிருந்தால் அங்கேயே எழுத்தில் கொடுத்து ரத்து செய்யச் சொல்லி, மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.